மருத்துவர் என் மகனிடம் சொன்னார், என்னிடம் யாரும் சொல்லவில்லை

கேள்வி:

எனக்கு வயது 67. 30 ஆண்டுகளுக்கு மேல் தையல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓராண்டாக மறதி அதிகமாகிவிட்டது. அளவெடுத்துக் குறித்துவிட்டு, குறித்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் இஞ்ச் டேப்பைக் கையில் எடுக்கிறேன். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டில் சொல்கிறார்கள். ஆறு வாரங்களுக்கு முன் மகன் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனான். ரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுத்தார்கள். கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஞாபகப் பரிசோதனையில் 30-க்கு 22 வாங்கினேன். கடைசியில் மருத்துவர் மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். ‘வயதானால் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை’ என்று அவன் என்னிடம் சொன்னான். இரண்டு நாள் கழித்து மாத்திரைச் சீட்டைத் தேடும்போது, கோப்பில் ‘அல்சைமர், ஆரம்ப நிலை’ என்று எழுதியிருந்ததை நானே படித்தேன். நான் படித்தது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. என் வங்கி அட்டையைக் கணவர் வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வருபவர்கள் என் உடல்நிலையை என் முன்னாலேயே அவரிடம் விசாரிக்கிறார்கள். இது உண்மையிலேயே அந்த நோய்தானா? இன்னும் எத்தனை நாள் நான் நானாக இருப்பேன்? என் பிள்ளைகளுக்கும் வருமா? எல்லோருக்கும் பாரமாவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்று இரவில் தோன்றுகிறது. என் தையல் மிஷினை விற்றுவிடலாம் என்கிறார்கள். விற்றுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம் வந்திருக்கிறது. இங்கே அதன் சுருக்கத்தை மட்டும் தந்திருக்கிறேன். கையெழுத்து சீராக இருக்கிறது. நாள் கணக்குப் பிசகவில்லை. கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் எழுதிய ஒரு பத்தியை நான்காம் பக்கத்தில் ஏறக்குறைய அதே சொற்களில் மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். மறைத்துப் பேசியதுதான் உங்களை அதிகம் வருத்தியிருக்கிறது என்பதால், இதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய உங்கள் நிலை: புதிதாக நடந்தவை நழுவுகின்றன, ஆனால் யோசிக்கவும், எடைபோடவும், உங்களுக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லவும் உங்களால் முடிகிறது.

மற்றக் கேள்விகளுக்குப் போவதற்கு முன், இரவில் தோன்றுவதாக எழுதிய அந்த எண்ணத்தைப் பற்றிப் பேச வேண்டும். நோயின் பெயரைக் கேட்ட முதல் சில மாதங்களில் இந்த எண்ணம் பலருக்கு வருகிறது, அதுவும் யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகச் சுமப்பவர்களுக்கு அதிகமாக வருகிறது என்பதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பல நேரங்களில் அது மனச்சோர்வின் அறிகுறி. அல்சைமருடன் மனச்சோர்வும் சேர்ந்து வருவது சாதாரணம். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, அந்தச் சிகிச்சையால் மனம் தெளியும்போது ஞாபகமும் ஓரளவு தெளிவடைவதைக் காண்கிறோம். ஆகவே இன்றைக்கே உங்கள் கணவரிடமோ மகனிடமோ இந்த ஒன்றையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். எண்ணம் வலுத்து, எப்படி, எப்போது என்றெல்லாம் மனம் யோசிக்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்க வேண்டாம். பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்புங்கள், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கோப்பு. அதில் எழுதியிருந்த வரியைப் படித்த நாளில் உங்கள் மூளையில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அல்சைமர் நோயில் மூளைக்குள் அமிலாய்டு, டவ் என்ற புரதங்கள் படிவது, மறதி வெளியே தெரிவதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. படிப்பதற்கு முந்தைய நாள் நீங்கள் யாராக இருந்தீர்களோ, மறுநாளும் அவராகவே இருந்தீர்கள். மாறியது உங்களைச் சுற்றியிருப்பவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வைதான் இப்போது நோயைவிட வேகமாக உங்களிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது: முதலில் மருத்துவர் அறைக்குள் உங்கள் இடம், பிறகு வங்கி அட்டை, பிறகு உங்களைப் பற்றி நீங்களே பதில் சொல்லும் உரிமை, இப்போது தையல் மிஷின்.

உங்கள் மகன் மீது கோபம் வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அவனை உள்ளே அழைத்துப் பேசிய மருத்துவர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில் ஒரு முதியவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வராந்தாவில் நின்று அவருடைய மகளிடம் நோயின் பெயரைச் சொன்னேன். திரும்பி வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தைப் பார்த்தார். அழுது துடைத்த கண்கள். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவே இல்லை. நான் சொன்ன எதையும் நம்பவும் இல்லை. நோயாளி அதிர்ச்சி அடைந்துவிடுவார் என்றுதான் நாங்கள் மறைக்கிறோம். ஆனால் உண்மை தெரிந்தபின் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். தன்னிடம் ஏதோ மறைக்கப்படுகிறது என்ற உணர்வைத்தான் தாங்க முடிவதில்லை.

இந்த நோயின் வரலாறே ஒரு நோயாளியின் வாய்மொழியில்தான் தொடங்குகிறது. 1901-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் அவுகுஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணின் எதிரே அமர்ந்து, அலாய்ஸ் அல்சைமர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, அவர் சொன்ன பதில்களை, பொருந்தியவை, பொருந்தாதவை எல்லாவற்றையும் அப்படியே எழுதி வைத்தார். அந்தப் பெண் 1906-இல் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்துதான் நோயை உலகுக்கு அறிவித்தார். அவருடைய கணவரிடம் மட்டும் கேட்டுக்கொண்டு அல்சைமர் எழுந்து போயிருந்தால் அந்தப் பதிவு நமக்குக் கிடைத்திருக்காது. ஆரம்ப நிலையில் இருக்கும் உங்களிடம் கேட்பதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது வீட்டில் அந்த மௌனத்தை உடைப்பது. கணவரும் மகனும் இருக்கும்போது, களைப்பில்லாத ஒரு காலை நேரத்தில், கோப்பை எடுத்து எதிரே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்: ‘இதை நான் படித்துவிட்டேன். என்னைக் காப்பாற்றத்தான் மறைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். இனிமேல் மருத்துவர் அறைக்குள் நானும் வருவேன். என்னைப் பற்றிய பேச்சு நான் இருக்கும்போது என்னிடம் நடக்க வேண்டும். நான் தடுமாறினால் உதவுங்கள், நான் பேசுவதற்கு முன் பேசாதீர்கள்.’ பேசும்போது மறந்துவிடுமோ என்று பயமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி வைத்து வாசியுங்கள். எழுதிப் படிப்பதில் குறைவு ஒன்றுமில்லை. அன்றைக்கு அவர்கள் அழக்கூடும். ஆறு வாரங்களாக அடக்கி வைத்த அழுகை அது, அழட்டும்.

இது அந்த நோய்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். டிமென்ஷியா, அதாவது மறதிநோய் என்பது பல நோய்களுக்குப் பொதுவான பெயர்; அவற்றுள் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர்தான். மூளையின் ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு வருவது ஒன்று. இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் நடை தளர்வதும் சேர்ந்து வரும் லூயி பாடி வகை ஒன்று. மறதிக்கு முன்பே குணமோ பேச்சோ மாறிப்போகும் முன்மூளை வகை ஒன்று. அளவெடுத்ததை மறப்பது, கேட்டதையே கேட்பது என்று நீங்கள் விவரித்திருப்பது, புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து தொடங்கும் அல்சைமரின் வழக்கமான போக்கோடு ஒத்துப்போகிறது. இருந்தாலும் கடிதத்தை வைத்து நான் எதையும் உறுதி செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

அடுத்த முறை போகும்போது நீங்களே கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பி12 குறைபாடும் தைராய்டு சுரப்புக் குறைவும் மறதியைத் தரும். ரத்தப் பரிசோதனையில் அவை பார்க்கப்பட்டனவா, அளவு என்ன என்று கேளுங்கள். தலையில் அடிபட்டு மெல்ல ரத்தம் கட்டுவது, மூளைக்குள் நீர் தேங்கி நடையும் சிறுநீர்க் கட்டுப்பாடும் ஞாபகமும் ஒன்றாகப் பாதிக்கப்படுவது ஆகியவை ஸ்கேனில் தெரியும். அவை இல்லை என்று உறுதியாகிவிட்டதா என்று கேளுங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிக்கொள்பவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரைகளும், தூக்கத்தைத் தரும் பழைய அலர்ஜி மாத்திரைகளும், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரப்படும் சில மாத்திரைகளும் வயதானவர்களின் ஞாபகத்தைக் கெடுக்கும். மருத்துவர் அவற்றை மாற்றித் தந்தாலே சிலருக்குக் கணிசமான வித்தியாசம் தெரிகிறது. நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்த வேண்டாம். காது மந்தமா என்றும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்: காதில் விழாத பேச்சு மனதில் பதியாது, அதை எல்லோரும் மறதிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

30-க்கு 22 என்பது வழக்கமாக ஆரம்ப நிலை என்று கொள்ளப்படும் எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பெண் ஒரு காலை நேரத்தில் எடுத்த ஓர் அளவு, அவ்வளவே. முந்தைய இரவு தூங்காதவர்களும், தேர்வுக்கு உட்கார்ந்தது போலப் பதறுபவர்களும் இரண்டு மூன்று மதிப்பெண் குறைவாக வாங்குவதுண்டு. அந்த எண்ணை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

மாத்திரைச் சீட்டில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஆரம்ப நிலையில் பெரும்பாலும் டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் ஆகிய மூன்றில் ஒன்றைத் தருவோம். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டில்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதைந்துவிடாமல் இவை பார்த்துக்கொள்கின்றன. நோயை இவை நிறுத்துவதில்லை. சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேல், ஞாபகமும் அன்றாட வேலைகளும் இருந்த நிலையிலேயே ஓரளவு நிற்க உதவுகின்றன. குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை, நாடித்துடிப்பு குறைவது ஆகியவை பக்கவிளைவுகள். டோனெபெசிலை இரவில் சாப்பிடுபவர்களுக்கு மிகத் தத்ரூபமான கனவுகள் வந்து தூக்கம் கெடுவதுண்டு. அப்படி இருந்தால் காலையில் சாப்பிடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். மெமன்டின் என்பது நடுத்தர, முற்றிய நிலைகளுக்கானது. அமிலாய்டு படிவத்தையே கரைக்கும் லெக்கானமாப், டோனனெமாப் என்ற ஊசி மருந்துகள் அண்மையில் வந்திருப்பதைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வில், லெக்கானமாப் நோயின் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. அது சரிவின் வேகத்தைக் குறைத்ததே தவிர, போனதைத் திருப்பித் தரவில்லை; மூளையில் வீக்கமும் நுண்ணிய ரத்தக்கசிவும் சிலருக்கு ஏற்பட்டதால், அதை எடுத்துக்கொள்பவர்களுக்கு அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, எல்லோருக்கும் பொருந்துவதும் இல்லை. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. கிடைக்கவில்லை என்றால் எல்லாம் கைவிட்டுப் போனதாக நினைக்கவும் வேண்டாம். ஞாபகசக்தி மாத்திரை என்று விற்கப்படுபவற்றுக்குப் பணத்தை இறைக்காதீர்கள். அவற்றில் பிரபலமான ஜிங்கோ பைலோபா, 75 வயதுக்கு மேற்பட்ட 3,069 பேரிடம் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டும் மறதிநோய் வருவதைத் தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வெளியானது.

இன்னும் எத்தனை நாள் நான் நானாக இருப்பேன் என்ற கேள்விதான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆயுளைப் பற்றியது என்றால், 65 வயதுக்கு மேல் இந்த நோய் கண்டறியப்பட்டவர்கள் அதற்குப் பிறகு சராசரியாக 4 முதல் 8 ஆண்டுகள் வாழ்கிறார்கள். 20 ஆண்டுகள் வரை வாழ்ந்தவர்களும் உண்டு. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, உங்களுக்கு இத்தனை ஆண்டு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நோய் சீக்கிரமே கண்டறியப்பட்டிருப்பது உங்களுக்குச் சாதகம்.

நானாக இருப்பது பற்றியது என்றால், என் பதில் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட நம்பிக்கையானது. இந்த நோய் எல்லாவற்றையும் ஒரே கையால் வாரிக்கொண்டு போவதில்லை. நேற்று யார் வந்தார் என்பது முதலில் போகும். 20 வயதில் முதன்முதலாக வகுப்பெடுத்த நாள் வெகுகாலம் நிற்கும். சொற்கள் சிக்கும், கைகள் கற்றது நிற்கும், ஏனென்றால் கைப்பழக்கத்தை மூளை வேறு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறது, அந்த இடத்தை நோய் தாமதமாகத்தான் தொடுகிறது. அன்பும், எரிச்சலும், அவமானமும், ஒருவர் மரியாதையோடு பேசுகிறாரா என்று உணரும் திறனும் கடைசிவரை கணிசமாக மிஞ்சுகின்றன. மகளின் பெயரைச் சொல்ல முடியாத தாய், அவள் அறைக்குள் நுழைந்ததும் முகம் மலர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெயர் போயிருக்கிறது, அவள் தன் ஆள் என்பது போகவில்லை.

ஆனால் முடிவெடுக்கும் திறன் என்றைக்கும் இப்படியே இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், இந்தக் காலம் உங்களுக்கு மிகவும் விலை உயர்ந்தது. மறைப்பதிலும் மறைப்பதைக் கண்டுகொள்ளாதது போல நடிப்பதிலும் இதைச் செலவழித்துவிடக் கூடாது. உயில் எழுதவில்லை என்றால் இப்போதே எழுதுங்கள். நீங்கள் சுயநினைவோடும் புரிதலோடும் எழுதினீர்கள் என்று மருத்துவரிடம் சான்றும் வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் பிள்ளைகளுக்குள் பேச்சு எழாது. உங்கள் பணத்தையும் சொத்தையும் பின்னாளில் யார் கவனிக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதிக் கொடுத்தவர் புரிதலை இழந்துவிட்டால் பல நாடுகளில் செல்லாமல் போய்விடுகிறது, அதாவது எப்போது தேவையோ அப்போது உதவாது. அதற்குப் பிறகும் செல்லும்படியான ஏற்பாடு உங்கள் நாட்டுச் சட்டத்தில் என்ன பெயரில் இருக்கிறது, இல்லையென்றால் மாற்றுவழி என்ன என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள். பிற்காலத்தில் எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், உணவு செலுத்தக் குழாய் செருகுவது போன்றவை வேண்டுமா, வீட்டிலேயே இருக்க விரும்புகிறீர்களா, யாரோடு இருக்க விரும்புகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். உங்களைக் குளிப்பாட்ட வேண்டிய நாள் வந்தால் அதை யார் செய்வது உங்களுக்குக் கூச்சமாக இராது என்பதைக்கூட எழுதலாம். இவற்றைக் கேட்க உங்கள் மகனுக்கு வாய் வராது. எழுதி வைத்தால், அந்த நாளில் அவன் ஊகித்துத் தவிக்க வேண்டியதில்லை. அம்மா சொன்னதைச் செய்கிறோம் என்ற நிம்மதி அவனுக்கு இருக்கும். அது நீங்கள் அவனுக்குச் செய்யும் பேருதவி.

வங்கி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் கணவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது: ஒரே தொகையை இருமுறை கொடுப்பதும், தொலைபேசியில் ஏமாற்றுபவர்களிடம் ரகசிய எண்ணைச் சொல்லிவிடுவதும் இந்த நோயில் நடக்கக்கூடியவைதான். ஆனால் அதற்கு மருந்து முழுவதுமாகப் பறித்துக்கொள்வது அல்ல. மாதச் செலவுக்கு ஒரு சிறு தொகை இருக்கும் கணக்கின் அட்டை உங்களிடம் இருக்கட்டும்; பெரிய தொகை இருக்கும் கணக்கில் இருவர் கையெழுத்து வேண்டும் என்று ஏற்பாடு செய்யலாம்; பணம் எடுத்ததும் குறுஞ்செய்தி இருவருக்கும் போகட்டும். முடியாததை மட்டும், முடியாமல் போன பிறகு, உங்களைக் கேட்டு எடுத்துக்கொள்வதே முறை. முன்கூட்டியே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால், பழக்கம் விட்டுப்போய், நோய் இன்னும் தொடாத திறமையும் சேர்ந்து போய்விடும். வாகனம் ஓட்டுபவராக இருந்தால் அதில் மட்டும் நான் கறார்: தகுதி பரிசோதிக்கப்படும்வரை ஓட்டாதீர்கள், மற்றவர் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

அன்றாடத்துக்கு நான் சொல்வது, ஞாபகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், ஞாபகத்தின் வேலையைத் தாளுக்கும் இடத்துக்கும் கொடுத்துவிடுங்கள் என்பதுதான். அளவெடுத்துக் குறித்ததும் அந்தத் தாளைக் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்போடு ஒரு குண்டூசியால் குத்திவிடுங்கள். மறுபடியும் டேப்பைக் கையில் எடுக்கும்போதே குறித்த தாள் கண்ணில் படும். சாவி, கண்ணாடி, கைபேசி மூன்றுக்கும் ஒரே தட்டு. மாத்திரைக்குக் கிழமை எழுதிய பெட்டி. நாள், கிழமை, இன்று செய்ய வேண்டியவை என்று ஒரே ஒரு நோட்டு, எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும்படி. பத்துத் துண்டுச் சீட்டுகள் இருந்தால் அவற்றைத் தேடுவதே வேலையாகிவிடும். மனதுக்கு அழுத்தமான வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயின் இயல்பு. தினமும் நடங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அல்சைமரோடு ரத்தக் குழாய்ப் பாதிப்பும் சேர்ந்துகொண்டால் சரிவு வேகமாகும். மனிதர்களோடு பேசுவதை விட்டுவிடாதீர்கள். தடுமாறுவோமே என்று கூச்சப்பட்டு வீட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வதை நோயாளிகள் செய்யும் பெரிய தவறாக நான் கருதுகிறேன்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் உங்கள் கணவரும் மகனும் மனதில் வைத்திருக்கட்டும். அல்சைமர் மெல்லத்தான் நகரும், மாதக்கணக்கில். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானாலோ, பகலெல்லாம் மயங்கித் தூங்கினாலோ, இல்லாதவை தெரிவதாகச் சொன்னாலோ, அது நோய் முற்றியதால் அல்ல. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடலில் நீர் வற்றுவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ‘அல்சைமர்தானே, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவதால் குணப்படுத்தக்கூடிய நோய்கள் ஆபத்தாக முடிகின்றன.

பிள்ளைகளுக்கு வருமா என்ற கேள்விக்கு: 67 வயதில் தெரியவந்த அல்சைமர் அப்படியே பிள்ளைகளுக்கு இறங்கும் நோய் அல்ல. ஒற்றை மரபணுக் கோளாறால் தலைமுறை தலைமுறையாக வரும் வகை நூற்றில் ஒருவருக்கும் குறைவு, அது பெரும்பாலும் 60 வயதுக்கு முன்பே தெரிந்துவிடும். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு ஓரளவு கூடுகிறது, அபோ-இ4 என்ற மரபணு வகை இருந்தாலும் கூடுகிறது; ஆனால் கூடுவது வேறு, வந்தே தீரும் என்பது வேறு. லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், காது மந்தம், உயர் ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை, தனிமை, கெட்ட கொழுப்பு உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால், உலகில் வரும் மறதிநோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருப்பதாகக் கணக்கிட்டது. உங்கள் மகனுக்கு நடுத்தர வயதாகியிருக்கும். அவனுடைய ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லி நீங்களே அதட்டலாம். அந்த அதிகாரம் உங்களிடமிருந்து இன்னும் போகவில்லை.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்ல வேண்டாம் என்பது உங்கள் விருப்பம். ஊரெல்லாம் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் நெருங்கிய நான்கைந்து பேரிடம் நீங்களே சொல்லிவிட்டால், பெயர் மறந்தபோது அசடு வழிய வேண்டியதில்லை, ‘உங்கள் பெயர் நழுவிவிட்டது, எடுத்துக்கொடுங்கள்’ என்று கேட்டுவிடலாம். வீட்டுக்கு வந்தவர் உங்கள் உடல்நிலையைக் கணவரிடம் விசாரித்தால், அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் பக்கம் திரும்பி, ‘நீயே சொல்லேன்’ என்பது. இந்த வரியை அவரிடம் காட்டுங்கள். அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: ஐயா, உங்கள் பயத்தை நீங்களும் தனியாகச் சுமக்கிறீர்கள். மனைவியின் நோயைத் தனியாகக் கவனித்துத் தூக்கமிழந்து, மனச்சோர்வில் விழுந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் அவரோடு இருக்க, நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு வெளியே போய் வாருங்கள். அதை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மிஷினை விற்க வேண்டாம். 30 ஆண்டுகள் ஓட்டிய மிஷினில் உங்கள் கைக்கு இருக்கும் பழக்கம், நோய் வெகுகாலம் தொடாத இடத்தில் இருக்கிறது. நூல் கோர்க்கும் வரிசைதான் முதலில் தடுமாறும்: கண்டிலிருந்து வரும் நூல் எந்தக் கொக்கிக்குப் பிறகு எதில் நுழைய வேண்டும் என்று ஒரு கணம் கை நின்றுவிடும். இன்றைக்கே, கை தடுமாறாமல் இருக்கும்போதே, நூல் போகும் வழியில் ஒவ்வோர் இடத்திலும் அழியாத மையால் 1, 2, 3 என்று நீங்களே எழுதி வைத்துவிடுங்கள். பாபின் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். முன்பே நூல் சுற்றிய பாபின்கள் அரை டஜன் டப்பாவில் இருக்கட்டும். மிஷினில் மின் மோட்டார் இருந்தால், வேகத்தைக் குறைத்து வைக்கவும் ஊசிக்கு முன்னால் விரல் தடுப்பு மாட்டவும் மகனிடம் சொல்லுங்கள். முழு உடை வேண்டாம் என்று தோன்றும் நாளில் தலையணை உறை தையுங்கள், நேர்த்தையல்தான், அளவு ஒன்றுதான். உங்கள் மகன் பக்கத்தில் உட்காரட்டும். 1, 2, 3 என்று எழுதும்போதே, எந்த எண்ணில் எதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.